நாற்பது நிமிடமும் சம்பந்தியின் துண்டும்

மீன்சுருட்டிக்காரன் மணிகண்டன் போன வாரம் கப்பலிலிருந்து வீடியோ காலில் வந்தான். இருபத்து மூன்று வருஷம் நான் பார்த்த வேலையை இப்போது அவன்தான் பார்க்கிறான். "அண்ணே, நம்ம பொழப்புக்கு ஆப்பு வச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, செல்போனைத் திருப்பி நீச்சல்குளத்தின் ஓரத்தைக் காட்டினான். அங்கே கிடக்கும் சாய்வு நாற்காலி ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சின்ன விளக்கு. யாரோ இடம் பிடித்துப் போட்ட துண்டோடு நாற்பது நிமிடம் ஆள் இல்லாமல் கிடந்தால் அந்த விளக்கு தானாகச் சிவப்பாக எரியுமாம்.

"சரிடா, வெளக்கு எரியுது. துண்டை யாரு எடுக்கறது?"

"நாமதாண்ணே எடுக்கணும்."

"அப்பறம் என்னடா ஆப்பு? ஒன் வேலை அப்படியேதான இருக்கு. வெளக்கு புடிக்கத்தான் கூட ஒரு ஆளு வந்திருக்கு."

சிரித்தான். அவனுக்குக் கீழே புதிதாக நாலு பேர் வந்திருக்கிறார்களாம். நாலு பேரும் அரியலூர், பெரம்பலூர் பக்கம். நாலு பேருக்கும் துண்டைப் பார்த்தால் கை வரமாட்டேன் என்கிறதாம். "நீங்க பட்டதை எல்லாம் எழுதி அனுப்புங்கண்ணே. க்ரூப்புல போட்டா பயலுவ படிப்பானுவ" என்றான். அதனால்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் துண்டைப் பற்றி எழுதும் அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை.

என் பெயர் செல்வராசு. பிறந்தது ஆண்டிமடம் பக்கம். இப்போது இருப்பது பெரம்பலூரில். தெருவில் என்னைக் 'கப்பல்காரர்' என்பார்கள். "கப்பலை ஓட்டுவீங்களாமே?" என்று கேட்கிறவர்களும் உண்டு. அது ஓடும்போது மேலே நின்றுகொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. நான் பார்த்தது சொகுசுக் கப்பலில் டெக் அட்டெண்டர் வேலை. மேல்தளத்தில் நீச்சல்குளம், அதைச் சுற்றி முந்நூறு சாய்வு நாற்காலி, மூவாயிரம் பயணிகள். மூவாயிரம் பேரும் நிழலான முதல் வரிசையில்தான் படுப்பேன் என்பார்கள். அவர்களுக்குள் வெட்டுக்குத்து நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம்.

திருச்சியில் கேட்டரிங் படித்தேன், ஒரு லாட்ஜில் இரண்டு வருஷம் வாளி தூக்கினேன், மும்பையில் நேர்முகத் தேர்வில் எல்லாக் கேள்விக்கும் 'எஸ் சார்' சொன்னேன், எடுத்துக்கொண்டார்கள். படிப்பைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் நாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் எங்கள் ஊர்ச் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் நுழைகிறது. இன்னும் நிற்கக்கூட இல்லை. அதற்குள் ஜன்னல் வழியாக ஒரு துண்டு உள்ளே பறக்கும். துண்டு விழுந்த சீட்டு துண்டுக்காரருக்குச் சொந்தம். அவர் நிதானமாக டீ குடித்துவிட்டு, கடைக்காரரிடம் மழை பெய்யுமா என்று பேசிவிட்டு வந்து உட்காரலாம். துண்டு இல்லாதவர் கைக்குட்டை போடுவார். அதுவும் இல்லாதவர் பையைப் போடுவார். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், ஒருவர் தன் மாமியாரின் மூக்குக்கண்ணாடியைப் போட்டு இடம் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். மாமியார் படி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பஸ்ஸைத் தடவிக்கொண்டிருந்தார். நாங்கள் கண்டக்டரைத் திட்டுவோம், டிரைவரோடு மல்லுக்கு நிற்போம். ஆனால் இன்னொருவர் போட்ட துண்டைத் தொடமாட்டோம். துண்டை எடுப்பதும் ஆளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதும் எங்களுக்கு ஒன்றுதான்.

இந்தச் சட்டத்தோடு நான் கப்பல் ஏறினேன். முதல் நாள் காலை ஆறு மணிக்கு மேல்தளத்துக்குப் போனால் ஈ, காக்கை இல்லை. ஆனால் நாற்காலிகள் மேல் துண்டுகள் கிடந்தன, கப்பல்காரர்கள் கொடுக்கும் நீலத் துண்டுகள். யாரோ விடியற்காலையிலேயே வந்து போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். பார்த்ததும் எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. உலகமெல்லாம் நம்ம ஊர்தான் என்று நினைத்தேன். நாலு துண்டு காற்றில் பறந்தது. ஓடிப்போய்ப் பிடித்து, எந்த நாற்காலியிலிருந்து பறந்ததோ அதிலேயே போட்டு, நுனியைச் சொருகினேன். உட்கார வந்தவர்களிடம் "ஸாரி மேடம், ஆள் வருது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஒரு வெள்ளைக்காரர் ஒரு துண்டை ஒதுக்கிவிட்டு உட்காரப் போனார். கையை நீட்டி மறித்துவிட்டேன்.

பத்து மணிக்கு முந்நூறு நாற்காலியிலும் துண்டு. ஆள் மட்டும் இல்லை. சுற்றிலும் இருநூறு பேர் கொதிக்கும் தரையில் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றுகொண்டிருந்தார்கள். நான் நடுவில் காவல்காரன் மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

அப்போதுதான் மரிசோல் மேடம் வந்தார். பிலிப்பைன்ஸ்காரர், எங்கள் சூப்பர்வைசர். என் தோளுயரம்கூட இருக்க மாட்டார். குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவருடைய கோபத்தை 'ப்ளீஸ்' கணக்கில்தான் அளக்க வேண்டும். ஒரு ப்ளீஸ் என்றால் வேலையைச் செய். இரண்டு ப்ளீஸ் என்றால் இதை நீ ஏற்கெனவே செய்திருக்க வேண்டும். மூன்று ப்ளீஸ் கேட்டவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அவர்கள் கீழே சலவைக்கூடத்துக்குப் போய்விடுவார்கள்; அங்கே ஜன்னல் கிடையாது.

"செல்வா, இங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"துண்டுக்காரர்கள், மேடம்."

"அவர்கள் எங்கே?"

"வருவார்கள், மேடம்."

அவர் தரையில் நின்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, "ப்ளீஸ், ப்ளீஸ்" என்றார்.

அன்றைக்கு மதியமே பாடம் நடந்தது. அதை மணிகண்டனிடம் புதிதாக வந்திருக்கும் நாலு பேரும் கவனமாகப் படிக்க வேண்டும், விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் முறை இதுதான். ஆள் இல்லாத துண்டைப் பார்த்தால் முதலில் நேரம் எழுதிய சின்ன அட்டையை அதன்மேல் வைக்க வேண்டும். நாற்பது நிமிடம் கழித்து வந்து, பக்கத்து நாற்காலிக்காரரிடம் "ஆள் வந்தாரா?" என்று கேட்க வேண்டும். அப்புறம் நிமிர்ந்து நின்று, "இது யாருடைய நாற்காலி?" என்று மூன்று முறை எல்லாருக்கும் கேட்கும்படி கேட்க வேண்டும். ஏலம் விடுவது போல இருக்கக் கூடாது, கெஞ்சுவது போலவும் இருக்கக் கூடாது. யாரும் வரவில்லையானால் துண்டை நாலாக மடித்து, தரையில் படாமல் எடுத்து, கூட இருக்கும் புத்தகம், செருப்பு எல்லாவற்றையும் பைக்குள் போட்டு, நாற்காலி எண்ணை எழுதி, பயணிகளுக்குத் துண்டு கொடுக்கும் மேசையில் ஒப்படைக்க வேண்டும். சொந்தக்காரர் வந்து கத்தினால் குறுக்கே பேசக் கூடாது. கத்தி முடித்ததும், "உங்கள் பொருள் பத்திரமாக இருக்கிறது" என்று சொல்லிப் பையை நீட்ட வேண்டும். எடுத்தது யார் என்று கேட்டால், நான்தான் என்று சொல்ல வேண்டும். அதை மட்டும் மேடம் இரண்டு தடவை சொன்னார். வேறு யாரோ எடுத்தார்கள் என்று சொல்வது கப்பலில் பெரிய குற்றம்.

முறை தெரிந்துவிட்டால் எல்லாம் எளிது என்று நினைத்துவிடாதீர்கள். பயணிகள் நம்மைவிடப் புத்திசாலிகள். அறைகளில் துண்டை யானை, குரங்கு என்று மடித்துக் கட்டில்மேல் வைப்பது வழக்கம். ஒரு பெண்மணி அந்த யானையைத் தூக்கிவந்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டார். யானை துண்டா, ஆளா? ஓடிப்போய் மேடத்தைக் கேட்டேன். அவர் வந்து யானையை முன்னும் பின்னும் பார்த்து, "இதற்கும் நாற்பது நிமிடம்தான்" என்றார். அட்டையை அதன் தும்பிக்கையில் செருகினேன்.

இன்னொருவர், அறைக் கதவில் தொங்கும் 'தொந்தரவு செய்யாதீர்' அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெயிலில் தூங்கிவிட்டார். மனிதர் தக்காளியாகச் சிவந்துகொண்டிருக்கிறார், எழுப்பவும் கூடாது. மேடம் ஒரு பெரிய குடையைக் கொண்டுவரச் சொல்லி, வெயில் நகர நகரக் குடையை நகர்த்தும்படி என்னை நிறுத்திவிட்டார். ஒன்றரை மணி நேரம் அவருக்குக் குடை பிடித்தேன். விழித்ததும், வெயில் காயத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், ஏன் மறைத்தாய் என்று சண்டைக்கு வந்தார்.

இப்படியே இருபது வருஷம் ஓடியது. எத்தனையோ துண்டு எடுத்தேன், எத்தனையோ மொழியில் ஏச்சு வாங்கினேன். தயங்குவது நின்றுபோனது. ஒரே ஒரு துண்டுதான் என்னைக் கலங்கடித்தது.

அது என் மகள் கயல்விழிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். அரியலூரில் லாரி வைத்து ஓட்டும் தங்கராசு என்பவரின் மகன் செந்திலுக்குக் கேட்டு வந்தார்கள். பையன் நல்ல பையன், கயலுக்குப் பிடித்திருந்தது. அவள் எதையும் அவ்வளவு சீக்கிரம் பிடித்திருக்கிறது என்று சொல்கிறவள் இல்லை. சினிமாவுக்குப் போனால்கூட இடைவேளையில் குறை சொல்ல ஆரம்பித்துவிடுவாள். அந்தப் பையனைப் பற்றி மட்டும் "பரவால்லப்பா" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

தரகர் ஒரு வேலை செய்துவிட்டார். என்னை 'டெக் ஆபீசர்' என்று அங்கே சொல்லிவைத்துவிட்டார். கூடவே ஒரு போட்டோவையும் காட்டியிருக்கிறார். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் கப்பல் சின்னம், பின்னால் நீலக்கடல். பார்த்தால் கேப்டனுக்குத் தம்பி மாதிரி இருப்பேன். இடுப்புக்குக் கீழே இருந்த அரைக்கால் டவுசரை மனுஷன் கத்தரித்துவிட்டார். பெண் பார்க்க வந்த அன்று தங்கராசு என் கையைப் பிடித்துக் குலுக்கி, "கப்பலே உங்க கண்ட்ரோல்லதானாமே சம்பந்தி" என்றார். நான் சிரித்துவைத்தேன். அவர்கள் போனதும் கயல், "அந்த ஆபீசர் கதையை நீங்களே சரிபண்ணிடுங்கப்பா" என்றாள். நிச்சயத்துக்கு முன்னால் சொல்லிவிடலாம் என்றேன். ஆடி பிறந்துவிட்டது, ஆவணியில் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். லீவு முடிந்து நான் கப்பலுக்குக் கிளம்பிவிட்டேன்.

அந்த வருஷம் எங்கள் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி மூன்று நாள் கடல் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணங்களில் ஓடிக்கொண்டிருந்தது. ஆடியில் நல்ல காரியம் ஒன்றும் இல்லை அல்லவா? தங்கராசு தன் கூட்டாளிகளைக் குடும்பம் குடும்பமாகத் திரட்டி, முப்பது பேரோடு டிக்கெட் போட்டுவிட்டார். எல்லாரிடமும், "கப்பல் நம்ம சம்பந்தியோடது மாதிரிதான்" என்று சொல்லியும் வைத்துவிட்டார். எனக்குச் சேதி வந்தபோது அவர்கள் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் முழுக்க ஒளிந்தேன். துண்டு அடுக்கை மூக்குக்கு மேலே வரை தூக்கிக்கொண்டு முகம் தெரியாமல் நடந்தேன். "ட்யூட்டில இருக்கேன், நாளைக்குப் பாக்கறேன்" என்று சேதி அனுப்பினேன். இதற்குள் கீழே சாப்பாட்டுக்கூடத்திலிருந்து கதைகள் வர ஆரம்பித்துவிட்டன. நம் ஆட்கள் அங்கே கல்யாணப் பந்தி முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள். சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டு, அவர் எப்போது எழுந்திருப்பார் என்று தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்படி நின்ற தங்கராசுவை வெயிட்டர் என்று நினைத்து ஒரு வடநாட்டுக்காரர் காபி கேட்டிருக்கிறார். இவரும் போய்க் காபி எடுத்துவந்து கொடுத்துவிட்டு, மறுபடியும் பின்னால் நின்றுகொண்டாராம். வடநாட்டுக்காரர் சர்க்கரை கேட்டதும்தான் தகராறு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு நான் மேலே போனபோது, நிழலான முதல் வரிசையில் பன்னிரண்டு நாற்காலியில் இடம் பிடித்திருந்தார்கள். நீலத் துண்டு ஒன்றுகூட இல்லை. வேட்டி, சால்வை, ஒரு மஞ்சப்பை, முறுக்கு டப்பா, ஒற்றைச் செருப்பு. நட்டநடுவில், குளத்துக்கு நேர் எதிரே, பச்சைக்கரை போட்ட ஒரு தோள்துண்டு. பெண் பார்க்க வந்த அன்று தங்கராசுவின் தோளில் கிடந்த அதே துண்டு. ஏழு பத்துக்குப் பன்னிரண்டிலும் அட்டை வைத்தேன். கீழே இட்லி, பொங்கல், பூரி, வெள்ளைக்காரப் பலகாரம் இருபது வகை. நம் ஆட்கள் நாற்பது நிமிடத்தில் எழுந்து வருவார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஏழு ஐம்பது ஆயிற்று. மேல்தளம் நிரம்பிவிட்டது. ஐதராபாத்தைச் சேர்ந்த ஒரு வயதான அம்மா கைத்தடியோடு வந்து, முதல் வரிசைக்கு எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்காலில் கட்டு. வெயில் நேரே முகத்தில் அடித்தது. வரிசையின் கோடியிலிருந்து ஆரம்பித்தேன். வேட்டியை எடுத்தேன், சால்வையை எடுத்தேன், மஞ்சப்பை, முறுக்கு, செருப்பு எல்லாம் பைக்குள் போயிற்று. அந்தந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அடுத்த நொடியே விழுந்து இடம் பிடித்தார்கள். கைத்தடி அம்மாவால் ஓட முடியவில்லை. நடுவில் கிடந்ததை மட்டும் தாண்டிப் போனதில், கடைசியில் பச்சைக்கரைத் துண்டு ஒன்றுதான் மிச்சம். அதன் முன்னால் போனதும் என் கை நின்றுவிட்டது.

பயந்தேன், வேறென்ன. வேறு யார் துண்டாக இருந்தாலும் கத்திவிட்டுப் போவார்கள். இவர் கத்தினால் என் பெண்ணின் கல்யாணம் நிற்கும். அரியலூர்க்காரரின் தோள்துண்டை ஊரார் முன்னால் பெண் வீட்டுக்காரன் எடுத்தான் என்றால் யார் பெண் எடுப்பார்கள்? எடுத்தது யார் என்று வேறு நான் சொல்லியாக வேண்டும். ஆபீசர் கதையும் அங்கேயே அவிழ்ந்துவிடும். கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தேன். நேரத்தைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, புதிய அட்டை வைத்துப் பத்து நிமிடம் கூட்டிக் கொடுத்தேன்.

பின்னால், "செல்வா, ப்ளீஸ்" என்று கேட்டது. மரிசோல் மேடம்.

துண்டு அடுக்குக்குப் பின்னால் போய், வேலை நேரத்தில் செய்யக் கூடாததைச் செய்தேன்; கயலைக் கூப்பிட்டேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். விஷயத்தை மூச்சுவிடாமல் சொன்னேன்.

"யாராவது நிக்கறாங்களாப்பா?" என்று கேட்டாள்.

"கால் முடியாத ஒரு அம்மா நிக்கறாங்கம்மா."

"அப்ப எங்கிட்ட என்ன பேச்சு? போயி எடுங்க."

"ஒனக்கு அந்தப் பையனைப் புடிச்சிருக்கேம்மா…"

அந்தப் பக்கம் பேனாவை மூடி வைக்கும் சத்தம் கேட்டது. "புடிச்சிருக்குதான்" என்றாள். "அதுக்காக ஒரு அம்மாவ வெயில்ல நிறுத்தணுமா? எடுங்க. அப்படியே ஆபீசர் கதையையும் சொல்லிடுங்க." குரல் லேசாகக் கரகரத்தது. வைத்துவிட்டாள்.

"செல்வா, ப்ளீஸ், ப்ளீஸ்" என்றார் மேடம். மூன்றாவது வருவதற்குள் ஓடினேன்.

முறைப்படியே செய்தேன். பக்கத்து நாற்காலியில் கேட்டேன். நிமிர்ந்து நின்று, இங்கிலீஷில் மூன்று தடவையும் தமிழில் மூன்று தடவையும் கேட்டேன். யாரும் வரவில்லை. துண்டை நாலாக மடித்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். கைத்தடி அம்மா உட்கார்ந்து, காலை நீட்டி, "அம்மாடி" என்று ஒரு பெருமூச்சு விட்டார்.

அதே நேரத்தில் லிஃப்ட் திறந்தது. தங்கராசு முன்னால், பல் குத்திக்கொண்டு. பின்னால் முப்பது பேர். வரிசையைப் பார்த்ததும் அவர் வாயிலிருந்த குச்சி கீழே விழுந்தது.

"எவன்டா அவன், என் துண்டுல கை வச்சவன்? அரியலூருலேர்ந்து காசி வரைக்கும் போயிருக்கேன். இன்னிவரைக்கும் ஒருத்தன் தொட்டதில்ல. கூப்புடுங்கய்யா எங்க சம்பந்திய! இந்தக் கப்பலே அவரு கையில!"

அவர் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு பையோடு முன்னால் போனேன்.

"உங்க பொருள் பத்திரமா இருக்குங்க. எடுத்தது நான்தாங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கீழே பார்த்தார்.

"சம்பந்தி… ஏன் டவுசர்ல இருக்கீங்க?"

"இதுதாங்க யூனிபாரம். நான் ஆபீசர் இல்லைங்க. தரகர் சொன்னது பொய். அத மறுக்காம நின்னது என் தப்பு. நாற்காலி பாத்துக்கறது, ஆள் இல்லாத துண்ட எடுக்கறது, இதுதான் என் வேலை. இருவது வருஷமா இதத்தான் பாக்கறேன்."

முப்பது பேரும் என் டவுசரையே பார்த்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. மேடம் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "இவர் யார்?" என்று கேட்டார். "என் பெண்ணுக்கு மாமனாராக வரப்போகிறவர்" என்றேன். "ஐயையோ" என்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். அவர் பதறி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தங்கராசு பையைப் பிடுங்கிக்கொண்டார். "பொய் சொன்னதக்கூட உட்டுறலாம். ஊரே பாக்கறப்ப என் துண்ட எடுத்துட்டான்யா. இந்த வூட்டுல பொண்ணெடுத்தா அரியலூருல நான் எப்படித் துண்டு போட்டு நடக்கறது? பேச்சு முடிஞ்சிச்சு. வாங்கய்யா போவலாம்."

போய்விட்டது என்று நினைத்தேன். கயல் அந்த 'புடிச்சிருக்குதான்' என்று சொன்ன குரல்தான் மண்டைக்குள் ஓடியது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அந்த வேலையை வெறுத்தேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து தங்கராசுவின் மனைவி சரோசா வந்தார். பெண் பார்க்க வந்த அன்று நாலு வார்த்தைகூடப் பேசாதவர். கையில் காபி. நேரே வந்து, கைத்தடி அம்மா படுத்திருக்கும் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நெசமாவே நீங்கதான் எடுத்தீங்களா?"

"ஆமாம்மா."

"அவரு துண்டுன்னு தெரிஞ்சா, தெரியாமயா?"

"தெரிஞ்சேதாம்மா."

அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"கல்யாணமாயி முப்பது வருஷமாச்சுண்ணே. எந்த பஸ்ல ஏறினாலும், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், ஆஸ்பத்திரில டாக்டரப் பாக்கப் போனாக்கூட, இந்த மனுஷன் துண்டப் போட்டுட்டு எங்கயோ போயிடுவாரு. வாரவன் போறவன்கிட்ட எல்லாம் 'ஆளு வருது, ஆளு வருது'ன்னு நான் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கணும். புள்ளத்தாச்சிய நிக்க வச்சிட்டு நான் உக்காந்திருக்கேன். இத எடுக்க ஒரு மனுஷன் பொறக்கலயான்னு வேண்டாத சாமியில்ல."

"ஏ, சரோசா…" என்றார் தங்கராசு.

"நீங்க சும்மா இருங்க." மறுபடி என் பக்கம் திரும்பினார். "அண்ணே, உங்க பொண்ணும் உங்கள மாதிரிதானா?"

பொய் சொல்வதில்லை என்று சற்றுமுன்தான் முடிவு செய்திருந்தேன். "இல்லம்மா. நான் பயந்துபோயி பத்து நிமிஷம் கூடக் குடுத்தேன். அவளா இருந்தா ஒரு நிமிஷம் குடுத்திருக்க மாட்டா."

சரோசாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படின்னா ஆவணி மொத முகூர்த்தத்துலயே வச்சிருங்க. அதுக்கு மேல என்னால ஒரு நாளு தாங்க முடியாது. எங்க வூட்டுக்கு இப்படி ஒரு புள்ளதான் வேணும்."

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். உடனே எல்லாரும் தட்டினார்கள். விஷயம் தெரியாமல் மேடமும் தட்டினார். நான் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வெட்கமாகத்தான் இருந்தது.

தங்கராசு மனைவியைப் பார்த்தார், கூட்டாளிகளைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். ஒரு ஆள்கூட அவர் பக்கம் இல்லை. குரலை இறக்கி என்னிடம் கேட்டார்.

"சரி சம்பந்தி. மண்டபத்தையாவது நான் புடிச்சிக்கலாமா?"